விற்ற வண்டியின் சொந்தக்காரி

முதல் அபராதச் செய்தி வந்தபோது நான் பெரம்பலூரில், பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரு தகப்பனாரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். மகளுக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தவர். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவர் தேதி போடவில்லை. "தேதி இல்லாத கையெழுத்த வச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது? நாளைக்கு யாரு வேணா மேல என்ன வேணா எழுதிக்கலாம்" என்றேன். இருபது வருடங்களுக்கு மேலாக அந்த நாற்காலியில் எழுத்தராக இருக்கிறேன். இந்த வசனங்களெல்லாம் எனக்கு மனப்பாடம். அவர் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தபோது என் கைபேசி ஒலித்தது.

என் ஸ்கூட்டரில் மூன்று பேர் ஏறிப் போனார்களாம். இடம் அரியலூர். அதற்கு நான் அபராதம் கட்ட வேண்டுமாம். என்னையும் என் சாப்பாட்டுப் பையையும் தவிர அந்த ஸ்கூட்டரில் மூன்றாவதாக எதுவும் ஏறியதில்லை. அதுவும் போக, அதை விற்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

யாரோ ஏமாற்றுக்காரன் அனுப்பிய செய்தி என்று நினைத்து அதைத் தொடவில்லை. மறுநாள் எங்கள் கணினி ஆசிரியைதான் அரசாங்கத் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தார். அபராதம் உண்மை. படம்கூட இருந்தது. என் பழைய ஸ்கூட்டர், என் பழைய எண். அதன்மேல் நான் பிறந்ததிலிருந்து பார்த்திராத மூன்று ஆண்கள். நடுவில் இருந்தவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துப் பிடித்திருந்தார். ஹெல்மெட்டுக்குப் பதிலாக அதைப் போட்டுக்கொண்டாரோ என்னவோ.

"மேடம், வண்டி இன்னும் உங்க பேர்லதான் இருக்கு" என்றார் ஆசிரியை. அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

விற்ற கதையைச் சொல்ல வேண்டுமென்றால் என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உரக்கடை வைத்திருக்கிறார். உரத்தில் கலப்படம் என்றால் கையில் எடுத்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார். மனிதர்கள் விஷயத்தில் அந்தத் திறமை வேலை செய்வதில்லை. அவரோடு ஐந்தாம் வகுப்புப் படித்த ஒருவர் பழைய வண்டிகளை வாங்கி விற்கும் ஆட்டோ கன்சல்டிங் கடை வைத்திருந்தார். ஐந்தாம் வகுப்பில் ஒன்றாகப் படித்ததைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தத் தரகரை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். தரகர் அடுப்படி வாசலுக்கே வந்து நின்று, மாவரைக்கும் கிரைண்டர் மூடியின்மேல் இரண்டு படிவங்களை விரித்தார்.

"இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. போட்டுட்டீங்கன்னா மிச்சத்த நான் பாத்துக்குறேன் தங்கச்சி."

வாங்குபவர் பெயர் இல்லை. தேதி இல்லை. வண்டி எண்கூட எழுதியிருக்கவில்லை. கல்லில் தோசை தீய்ந்துகொண்டிருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன், மாவுக் கையோடு. ஆர்.சி. புத்தகத்தையும் சாவியையும் வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார். எத்தனையோ பெற்றோரை ஒரு முதலெழுத்து விட்டுப்போனதற்காக நடக்கவிட்ட நான், வெற்றுக் காகிதத்தில் போட்ட கையெழுத்து அது. தரகரைத் திட்டுவதற்கு முன்னால் என்னைத் திட்டிக்கொள்ள எனக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் நான் அவரைத்தான் முதலில் திட்டினேன்.

தரகர் கடைக்கே போனேன். பளபளவென்று துடைத்து நிறுத்திய பைக்குகள், வருகிறவர்கள் உட்கார இரண்டு நாற்காலிகள், சுவரில் எல்லா மதத்துச் சாமிகளும். செய்தியைக் காட்டினேன். படித்துப் பார்த்தார்.

"இதுக்கா பதறுறீங்க? பேரு ஆட்டோமேட்டிக்கா மாறிடும் தங்கச்சி. ஆன்லைன்ல கொஞ்சம் லேட்டாவுது."

"ஒரு வருஷம் லேட்டாவுமா?"

"சர்வர் பிரச்சினைங்க."

"வாங்குனவரு யாரு? நம்பரு குடுங்க."

"அது பழைய போன்ல இருந்துச்சு." கைபேசியை எடுத்துத் திருப்பிக் காட்டினார். நம்பர் தொலைந்துபோனதற்கு அதுதான் சாட்சி போல. "மாப்ளைகிட்ட நான் பேசிக்குறேன், நீங்க வூட்டுக்குப் போங்க."

மாப்ளை என்றது என் கணவரை. அவர்கள் பேசிக்கொண்டார்கள். அன்று மாலை கணவர் வந்து, "அவன் பாத்துக்குறேன்னுட்டான்" என்றார். பிரச்சினை தீர்ந்துவிட்டது போல முகம்.

அடுத்த நான்கு மாதத்தில் ஆறு செய்திகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். ஹெல்மெட் இல்லாமல் ஓர் ஆள். அதே ஆள், பின்னால் ஒரு பெண், அவள் மடியில் எரிவாயு சிலிண்டர். அதே ஆள், ஜெயங்கொண்டம் சாலையில், காலடியில் வாழைத்தார். அவர் கோயிலுக்குப் போகிறார், கல்யாணத்துக்குப் போகிறார், மொட்டை போட்டிருக்கிறார், முடி வளர்ந்திருக்கிறது. எங்கள் உறவில் பலருடைய வாழ்க்கையைவிட அந்த மனிதருடைய வாழ்க்கை எனக்கு அதிகம் தெரிந்தது. பெயர்கூடத் தெரியாத அந்த ஆள்மேல் எனக்கு வந்த வெறுப்பை இப்போது நினைத்தால் வியப்பாக இருக்கிறது. ஒரு படத்திலாவது அந்தத் தலையில் ஹெல்மெட் இருக்காதா என்று ஒவ்வொரு முறையும் பெரிதாக்கிப் பார்ப்பேன். இருக்காது.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்தவர் நான் சொன்னதை முழுதாகக் கேட்டார்.

"வித்த பதினாலு நாளுக்குள்ள நீங்கதான் எங்களுக்குத் தகவல் குடுத்திருக்கணும். குடுத்தீங்களா?"

"தரகரு பாத்துக்குறேன்னாருங்க."

"தரகரு யாருங்க? எங்க ரெக்கார்டுல அப்படி ஒருத்தரு இல்லியே. ஓனரு நீங்க. வாங்குனவரக் கூட்டிட்டு வாங்க. அபராதம் எதுவும் பாக்கி இருக்கக்கூடாது. இன்சூரன்ஸ் இருக்கணும். புகைச் சான்று இருக்கணும். அப்பறம் பேசலாம்."

கத்தவில்லை, கடுகடுக்கவும் இல்லை. அடுத்த ஆளைப் பார்த்துவிட்டார். அந்தக் குரலை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று படியிறங்கும்போது தோன்றியது. பள்ளியில், என் மேசைக்குப் பின்னாலிருந்து தினமும் கேட்கும் குரல். எதிர்ப்பக்கம் நின்று கேட்டதுதான் அதுவரை இல்லை.

அதன்பிறகு ஆடு வந்தது.

ஒரு வியாழக்கிழமை காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். என் ஸ்கூட்டர் கீழப்பழுவூர்ப் பக்கம் ஓர் ஆட்டை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டதாகவும், ஆட்டுக்காரி எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து புகார் கொடுத்திருப்பதாகவும் ஏட்டு சொன்னார். "வந்துட்டுப் போங்கம்மா, விசாரிக்கணும்." விடுப்பு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் "சொந்த வேலை" என்று எழுதினேன்.

கணவரின் பைக்கில் போனோம். நிலையத்து வராந்தாவில் ஆட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். என்னைக் கண்டதும் எழுந்தாள்.

"நீங்கதானா அது? சென ஆடுங்க. ரெண்டு குட்டி போட்டிருக்கும்."

நான் விற்ற கதையை ஏட்டிடம் மறுபடி சொன்னேன். இதற்குள் அந்தக் கதையை நான் பலரிடம் சொல்லிவிட்டதால் அது பொய் மாதிரியே ஆகிவிட்டிருந்தது. கைபேசியில் இருந்த படங்களை எடுத்துக் காட்டினேன். மூன்றாவது படத்துக்கு வந்தபோது ஆட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்: "ஆமா, இவன்தான்."

ஏட்டு நிமிர்ந்தார். "ஆளு யாருன்னு தெரியாதுன்னு எழுதிக் குடுத்திருக்கியேம்மா."

"தெரியும்ங்க. எங்க பங்காளி வூட்டுப் பையன். அடுத்த தெருதான்."

"அப்பறம் ஏன் அவன்கிட்ட கேக்கல?"

அவள் ஏட்டைப் பார்த்த பார்வையில் அவர் ஒரு குழந்தையாகிவிட்டார். "பங்காளிகிட்ட எப்படிங்க கேக்குறது? நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா அவங்க மொகத்துலதான முழிக்கணும். அதான் பேப்பர்ல பேரு இருக்குறவங்ககிட்ட கேக்குறேன். இவங்க யாரோ எவரோ. இவங்ககிட்ட கேட்டா என்ன வருத்தம் வந்துடப் போவுது?"

என் கணவர் தலையை ஆட்டினார். அவருக்கு அது நியாயமாகப் பட்டிருக்கிறது. நான் அவரைப் பார்த்ததும் ஆட்டுவதை நிறுத்திக்கொண்டார்.

பங்காளிகளுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்லி ஏட்டு அனுப்பிவிட்டார். அந்த வீட்டைக் காட்டச் சொன்னேன். தெருமுனை வரை வந்து, விரலால் மட்டும் காட்டிவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள்.

என் ஸ்கூட்டர் வாசலில் நின்றது. முன்பக்கம் ஒரு விளக்கு உடைந்திருந்தது. இருக்கைக்குப் பூப்போட்ட உறை. சிலிண்டர் படத்தில் இருந்த பெண்தான் வெளியே வந்தாள், அந்த ஆளின் மனைவி. நான் யாரென்று சொன்னதும் அவள் பயப்படவில்லை, உள்ளே போய் ஒரு நெகிழிப் பையை எடுத்து வந்தாள்.

"உங்க கையெழுத்து பத்திரமா இருக்கு டீச்சர். நனைஞ்சிடக் கூடாதுன்னு லேமினேஷன் பண்ணி வச்சிருக்காரு."

நான் டீச்சர் இல்லை. திருத்தத் தோன்றவில்லை. அந்த இரண்டு படிவங்களும் கண்ணாடி போன்ற உறைக்குள் ஒட்டப்பட்டிருந்தன. பெயர், தேதி, வண்டி எண் எல்லாம் அன்றுபோலவே வெறுமை. கீழே என் கையெழுத்து, பக்கத்தில் காய்ந்த மாவின் தடம். இனி அதில் யாராலும் ஒரு புள்ளிகூட வைக்க முடியாது. வாழ்நாள் முழுக்கப் படிவங்களோடு குப்பை கொட்டியவள் நான். இப்படி ஒரு முழுமையான உபயோகமின்மையை நான் கண்டதில்லை.

வேலை முடிந்து வந்து வண்டியை விட்டுவிட்டுக் கடைமுனையில் டீ குடிக்கப் போயிருந்தவர் கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டார். ரெட்டிபாளையத்துப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலி. முடி, புருவம், காது மடல் எல்லாம் வெள்ளைப் புழுதி. படங்களில் பார்த்ததைவிட வயது குறைவாக இருந்தார்.

"பேரு மாத்தறதுக்குன்னு அந்தக் கடைக்காரரு தனியா பணம் வாங்கிக்கிட்டாருங்க" என்றார். "ரெண்டு மாசம் கழிச்சுக் கேட்டதுக்கு, இந்தப் பேப்பர வச்சுக்க, இதுதான் உனக்குப் பட்டான்னு சொல்லிட்டாரு."

அங்கிருந்தே தரகரைக் கூப்பிட்டேன். "அபராதத்தக் கட்டச் சொல்லுங்க தங்கச்சி, மறுநாளே பேர மாத்திடலாம்" என்றார். சுரங்கத்துக்காரரைப் பார்த்தேன். "பேரு மாறட்டுங்க, கட்டிடுறேன். உங்க பேர்ல இருக்குற அபராதத்த நான் எதுக்குக் கட்டணும்?" என்றார். மூன்று பேரை ஏற்றியவர் அவர்; ஹெல்மெட் போடாதவர் அவர்; ஆட்டை இடித்தவர் அவர். ஆனால் என் பெயர்.

அதுவரை அடக்கி வைத்திருந்தது என் வாயிலிருந்து வந்துவிட்டது. "சரிங்க. பேப்பர்ல வண்டி என்னுது. சாவியக் குடுங்க."

அவர் நான் விளையாடுவதாக நினைத்தார். என் கணவர், "ஏய், என்ன இது" என்று மெதுவாக இழுத்தார். நான் கையை நீட்டியபடியே நின்றேன்.

"காலைல வேலைக்கு எதுல போறதுங்க?" என்று அவர் கேட்டார்.

"பஸ்ல."

சாவியைக் கொடுத்தார். ஏன் கொடுத்தார் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. காகிதத்தில் பெயர் இருப்பவர்களுக்கு அவர் வாழ்நாள் முழுவதும் எதையாவது கொடுத்தே பழகியிருப்பார் என்று பிறகு தோன்றியது. அவர் பணம் கொடுத்து வாங்கிய வண்டி அது. அது தெரிந்தேதான் எடுத்தேன்.

கணவர் முன்னால் அவருடைய பைக்கில், அவருடைய ஹெல்மெட்டோடு. நான் பின்னால், ஹெல்மெட் இல்லாமல், இன்சூரன்ஸ் இல்லாத, ஒரு விளக்கு உடைந்த ஸ்கூட்டரில். சிமெண்டு லாரிகள் புழுதியை வாரி முகத்தில் அடித்தன. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு கம்பீரமாக உணர்ந்ததில்லை. அது அரியலூர் எல்லை வரை நீடித்தது. அங்கே போக்குவரத்துக் காவலர்கள் நின்றிருந்தார்கள். கணவரை விட்டுவிட்டு என்னை நிறுத்தினார்கள்.

எஸ்.ஐ. கையிலிருந்த கருவியில் எண்ணைத் தட்டினார். திரை உருண்டுகொண்டே போனது.

"என்னம்மா, இத்தன பெண்டிங் வச்சிருக்கீங்க? படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. கண்டவங்களுக்கு வண்டியக் குடுத்தா இப்படித்தான்."

"சார், இந்த வண்டிய நான் வித்துட்டேன் சார்."

அவர் வண்டியைப் பார்த்தார், அதன்மேல் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். "வித்த வண்டியத்தான் ஓட்டிட்டு வரீங்களா?"

 ஹெல்மெட் இல்லாததற்கும் இன்சூரன்ஸ் இல்லாததற்கும் படம் எடுத்து அபராதம் போட்டார். அந்தப் படத்தையும் பிறகு பார்த்தேன். தலைமுடி விரிந்து, வெள்ளைப் புழுதி படிந்து, சுரங்கத்துக்காரருக்கு அக்காள் மாதிரி இருந்தேன்.

இரண்டு வாரம் ஸ்கூட்டர் எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்றது. சுரங்கத்தில் வேலை தொடங்கும் நேரத்துக்கு அந்த ஊரிலிருந்து பஸ் இல்லை. சாலையில் நின்று லாரிகளைக் கைகாட்டி ஏறிப் போயிருக்கிறார், இரண்டு நாள் கூலியும் போயிருக்கிறது. இதை அவர் மனைவி பின்னால் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். முன்பே தெரிந்திருந்தால் வண்டியைத் திருப்பிக் கொடுத்திருப்பேன் என்று பொய் சொல்ல மாட்டேன். எனக்கு அப்போது ஆத்திரம் தவிர வேறொன்றும் இல்லை.

அந்தப் பெண் என்னிடம் வந்து கெஞ்சவில்லை. தரகர் கடைக்குப் போனாள். தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டு, காலை பஸ்ஸில் வந்து, அங்கிருந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்துகொண்டாள். சண்டை போடவில்லை. வண்டி பார்க்க வருகிறவர்களிடம் மட்டும், "வண்டி நல்லாத்தான் இருக்கும்ங்க. பேரு மாத்தித் தருவாரான்னு கேட்டுக்கங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் கடைசி பஸ்ஸுக்கு முன்னால் எழுந்து போவாள், மறுநாள் வருவாள். ஒரு வாரம் ஒரு வண்டிகூட விற்கவில்லை என்று தரகர் என் கணவரிடம் அழுதிருக்கிறார். என் கணவருக்கு நண்பன்மேல் இரக்கம். எனக்கு அந்தக் கடைக்குப் போய் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டும் போலிருந்தது. போகவில்லை. மரியாதை பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

தரகர் வீட்டுக்கு வந்தார். இந்த முறை அடுப்படி வரை வரவில்லை. முன்னறையில் உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணும் கெட்ட எண்ணம் இல்ல தங்கச்சி" என்றார். உண்மையாகத்தான் இருக்கும். கெட்ட எண்ணம் வைப்பதற்குக்கூடக் கொஞ்சம் கவனம் வேண்டும். இன்சூரன்சும் தாமதக் கட்டணமும் அவர் தலையில் விழுந்தன. மூன்று பேர் ஏறியதும் ஹெல்மெட் போடாததும் சுரங்கத்துக்காரர் தலையில். ஆட்டைப் பறிகொடுத்த பங்காளி வீட்டுக்கு ஒரு பெட்டைக் குட்டி வாங்கி விடுவதாகவும் அவர் ஒப்புக்கொண்டார். அரியலூர் எல்லையில் நானாகச் சம்பாதித்ததை நான் கட்டினேன்.

வாங்கியவர் ஊர் அரியலூர் மாவட்டம் என்பதால் அங்குள்ள அலுவலகத்தில்தான் பெயர் மாற்றம். எல்லாரும் போயிருந்தோம். வண்டியைத் தன் பெயருக்கு எழுத வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். அவள் கணவர் மறுக்கவில்லை. புதிய படிவங்களைத் தரகர் நிரப்பி எடுத்து வந்திருந்தார். நான் கையெழுத்துப் போட்டேன், தேதியோடு. அடுத்து அவளிடம் நீட்டினார்.

"இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்றார் வழக்கம்போல.

அவள் கையெழுத்துப் போடவில்லை. படித்தாள். விரலை வைத்து, உதடு அசைய, ஒவ்வொரு வரியாக. பின்னால் வரிசை நெளிந்தது. கவுன்ட்டரில் இருந்தவர் பேனாவால் மேசையைத் தட்டினார். "போடும்மா, டைம் ஆவுது" என்றார் தரகர். எனக்கே எரிச்சலாக இருந்தது. நான் அன்றைக்கும் விடுப்பு எடுத்துத்தான் வந்திருந்தேன். அவள் பையிலிருந்து ஆர்.சி. புத்தகத்தை எடுத்து, பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டாள்.

"இஞ்சின் நம்பர்ல மூணு இருக்கு. நீங்க எட்டு போட்டிருக்கீங்க" என்றாள்.

கவுன்ட்டர்க்காரர் வாங்கிப் பார்த்தார். "ஆமா, தப்புதான். இது செல்லாது. வேற எழுதிட்டு திங்கக்கெழம வாங்க."

தரகர் யாரையும் பார்க்காமல் வெளியே போனார். இந்த விவகாரத்தில் இரண்டு மாவட்டங்களிலும் அந்தப் படிவத்தை முழுசாகப் படித்த ஒரே ஆள் அவள். எட்டாவது வரை படித்ததாகப் பிறகு சொன்னாள்.

திங்கட்கிழமை மறுபடி போனோம். பெயர் மாறியது. அலுவலக வாசலில் சாவியை அவளிடம் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அவள் அதற்காகக் காத்திருப்பதாகத் தெரியவில்லை. புதிதாக வாங்கிய ஹெல்மெட்டை மாட்டி, கொக்கியைப் போட்டு, முன்னால் ஏறி உட்கார்ந்தாள். "வரோம் டீச்சர்" என்றாள். அவள் கணவர் பின்னால் ஏறிக்கொண்டார். அவர் தலையில் ஒன்றும் இல்லை. சாலை திரும்பி மறையும் வரை அந்த வெறுந்தலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இனிமேல் அது என் கைபேசிக்கு வராது.